எரியாத மருந்து

அந்த ஆஸ்பத்திரியில் அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. நோயாளிகளுக்கு, நர்சுகளுக்கு, வாசலில் நிற்கும் காவலாளிக்குக்கூட அவள் பஞ்சு அக்காதான். பெண்கள் வார்டின் கோடியில் இருந்த சின்ன அறை அவளுடைய ராஜ்யம். உயரமான ஒரு கட்டில், சக்கரம் வைத்த தள்ளுமேஜை, மூடி போட்ட எஃகு டப்பாக்களில் பஞ்சும் கட்டுத்துணியும், ஜன்னலோரம் வரிசையாகப் பாட்டில்கள். புண்களுக்குக் கட்டுப் பிரிப்பதும் மறுபடி கட்டுவதும்தான் அவள் வேலை.

புண்ணோடு ஒட்டிக் காய்ந்துபோன துணியை எடுப்பது இருக்கிறதே, அது தனி வித்தை. அவசரப்பட்டு இழுத்தால் புதிதாக முளைத்த சதையும் கூடவே வந்துவிடும். பஞ்சு அக்கா இழுக்கமாட்டாள். உப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஊறப் போட்டுவிட்டு, கட்டிலில் கிடப்பவளிடம் அவளுடைய மருமகளைப் பற்றி விசாரிக்க ஆரம்பிப்பாள். மருமகள் செய்த அநியாயத்தில் பாதிகூடச் சொல்லி முடிந்திருக்காது.

"என்னக்கா, இன்னும் பிரிக்கலையா?"

"பிரிச்சு, துடைச்சு, கட்டியும் ஆச்சு. நீ உன் மருமக கதையை முடி. நடுவுல விட்டா எனக்குத் தூக்கம் வராது."

எதிர்ப்பக்கம் ஆண்கள் வார்டில் இதே வேலையைச் செய்தவனுக்குச் சுத்தியல் என்று பெயர். நல்லவன்தான். ஆனால் அவன் கைக்குப் பொறுமை கிடையாது. ஒரே இழுப்பு. நோயாளி 'ஐயோ' என்று அலறினால், "சந்தோஷம். உயிர் இருக்குன்னு தெரியுது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவான். அந்த அலறல் நடைபாதையைத் தாண்டி வரும்போதெல்லாம் பஞ்சு அக்காவின் முகம் சுருங்கும்.

அதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய அம்மா இதே மாதிரி ஓர் ஆஸ்பத்திரியில்தான் கடைசி நாட்களைக் கழித்தாள். படுக்கைப் புண். தினமும் காலையில் ஒருவன் வந்து காய்ந்த துணியைப் பிய்த்து எடுப்பான். அம்மா கத்துவாள். கைக்குழந்தையாக இருந்த தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தாவணி முனையை வாயில் அடைத்துக்கொண்டு, கதவுக்கு வெளியே நிற்பாள் இவள். அம்மாவின் உயிர் போன பிறகும் அந்தக் குரல் போகவில்லை. வாழ்நாளெல்லாம் அவள் காதுக்குள்ளேயே குடியிருந்தது. தரை துடைக்கும் வேலைக்கு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தவள், கட்டுப் போடக் கற்றுக்கொண்டு அந்த அறைக்கு வந்தபோது, மனதுக்குள் ஒன்றை முடிவு செய்துகொண்டாள்: என் கையில் யாரும் கத்தக் கூடாது.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு மூன்று இடங்கள் வந்தன. 'தங்கச்சியையும் கூட்டிட்டு வருவேன்' என்றதும் வந்தவர்கள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போனார்கள். போகட்டும் என்றிருந்துவிட்டாள். தங்கைதான் அவளுக்குப் பிள்ளை, சண்டைக்காரி, எல்லாம். மாடி வீட்டில் இரண்டு அறைகள். தெருவைப் பார்த்த அறையில் தங்கையின் தையல் மிஷின். அந்த வட்டாரத்துப் பெண்களுக்கெல்லாம் ரவிக்கை தைப்பவள் அவள்தான். வாய் கொஞ்சம் நீளம். "நேத்து அளவு எடுத்தப்போ மூச்சை அடக்கிட்டு நின்னீங்க இல்ல? இனிமே அப்படியே இருங்க, ரவிக்கை சரியா இருக்கும்" என்று முகத்துக்கு நேரே சொல்வாள். அதைக் கேட்கவே பலர் வருவார்கள்.

அந்தத் தங்கைக்குத்தான் வினை ஓர் ஊசி வழியாக வந்தது.

சாதாரணக் காய்ச்சல். தெருமுனைச் சின்ன கிளினிக்கில் வலது கையின் மேல்பகுதியில் ஓர் ஊசி போட்டார்கள். காய்ச்சல் போனது. ஒரு மாதம் கழித்து, ஊசி குத்திய இடத்தில் கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி. அது பழுத்து உடைந்தது. ஆறியது போல் மூடும். பக்கத்தில் இன்னொரு வாய் திறக்கும். எந்த மாத்திரைக்கும் அடங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் சீழைச் சோதித்துவிட்டு டாக்டரம்மா சொன்னாள். வயதில் பஞ்சு அக்காவைவிட ரொம்பச் சின்னவள், ஆராய்ச்சிக்காகவே வந்தவள். "இது காசநோய்க் கிருமி இல்லக்கா. அதோட பங்காளி. தண்ணியிலயும் மண்ணுலயும் சும்மா கிடக்கும். சுத்தமில்லாத ஊசி வழியா உள்ள போயிருக்கு. சீக்கிரம் வளராது. ஆனா சீக்கிரம் சாகவும் சாகாது."

அதற்காகப் போட்ட வீரியமான மருந்து தங்கையின் காதில் கை வைத்தது. முதலில் மிஷின் சத்தம் மங்கியது. பிறகு பக்கத்தில் நின்று உரக்கப் பேசினால்தான் கேட்டது. உடனே அந்த மருந்தை நிறுத்தினார்கள். போன காது திரும்பவில்லை.

"நல்லதுதான் விடுக்கா. உன் குறட்டைச் சத்தத்துல இருந்து விடுதலை" என்று சிரித்தாள் தங்கை. சிரித்துவிட்டு, மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கியதை அக்கா பார்த்தாள்.

மிச்சம் இருந்தவை இரண்டு வழிகள். ஒன்று சர்ஜனின் கத்தி. கிருமி ஊறிப்போன சதையை ஆழமாக வெட்டி எடுத்துவிட வேண்டும். "கை இருக்கும். ஆனா தூக்கிப் பிடிச்சு வேலை செய்யற பலம் இருக்காது" என்றார் அவர். துணியைத் தள்ளிக் கொடுக்கும் கை அது. அது போனால் மிஷின் வெறும் மேஜைதான்.

இன்னொன்று, டாக்டரம்மா தொடங்கியிருந்த ஆராய்ச்சி. மற்ற மாத்திரைகளோடு சேர்த்துப் புண்ணின்மேல் தினமும் ஒரு களிம்பு. சிட்ரிக் அமிலம் கலந்த களிம்பு. எலுமிச்சம்பழத்தில் இருக்கிற அதே புளிப்பு. "சோதனைக் குழாயில இந்தக் கிருமி புளிப்புல திணறுது. புண்ணுல என்ன ஆகும்னு தெரியாது. அதைத் தெரிஞ்சுக்கத்தான் செய்யறோம். வாக்கு எதுவும் கொடுக்கமாட்டேன்" என்று ஒளிக்காமல் சொன்னாள். இதே போல ஆறாத புண்ணோடு வந்தவர்களை ஆண்கள் வார்டிலும் பெண்கள் வார்டிலும் சேர்த்தாள். அந்தப் பக்கம் சுத்தியல், இந்தப் பக்கம் பஞ்சு அக்கா. களிம்பைத் தடவி, காய்ந்த துணி வைத்துக் கட்ட வேண்டும். அவ்வளவுதான் உத்தரவு.

தங்கையும் சேர்ந்தாள்; வீட்டிலிருந்து தினமும் அக்காவோடு வந்து போனாள். சர்ஜன் ஒரு தவணை கொடுத்தார். "அதுக்குள்ள புண் மூட ஆரம்பிக்கணும். இல்லேன்னா நான் காத்திருக்க மாட்டேன். எலும்புக்குப் போயிடும்."

முதல் நாள். முதலில் வந்தது முழங்காலில் புண்ணோடு ஒரு பள்ளிக்கூட டீச்சரம்மா. களிம்பு பட்டதும் அந்த அம்மாள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறக்குறைய எழுந்து நின்றுவிட்டாள்.

"ஐயையோ! புண்ணுல எலுமிச்சம்பழத்தைப் பிழியறாங்களே! இத்தனை வருஷம் பிள்ளைங்கள முட்டி போட வெச்ச பாவம்தானா இது!"

அடுத்து வந்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு அழுதாள். கடைசியில் தங்கை. களிம்பு பட்ட கணத்தில் அவள் போட்ட கூச்சல்! காது கேளாதவளுக்குத் தன் குரலின் அளவு தெரியாது. அறையே அதிர்ந்தது. பஞ்சு அக்கா களிம்பு எடுத்த விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். எந்தக் குரலுக்குப் பயந்து இத்தனை வருஷம் ஓடினாளோ, அதே குரல், அதே ரத்தம்.

அப்போது அவள் கண் ஜன்னலோரப் பாட்டில்கள் மேல் போனது. அவற்றில் ஒன்று சோடா உப்புக் கரைத்த தண்ணீர். பேட்டரிக் கடையிலும் பட்டறையிலும் மேலே அமிலம் தெறித்துக்கொண்டு ஓடி வருபவர்களுக்கு, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிய பிறகு, அந்தத் தண்ணீரில் நனைத்த துணியைப் போடுவது அந்த அறையின் பழைய வழக்கம். எரிச்சல் அடங்கிவிடும். எத்தனை பேருக்குப் போட்டிருப்பாள்! அமிலம் என்றால் சோடாத் தண்ணீர் என்பது அவள் யோசித்துச் செய்கிற காரியமல்ல. கை தானாகச் செய்வது.

களிம்பின் மேல் நனைத்த துணியை வைத்தாள். சின்னச் சின்னதாக நுரை பொங்கியது. 'அழுக்கெல்லாம் கிளம்பி வருது' என்று நினைத்துக்கொண்டாள். தங்கையின் முகத்தில் இறுக்கம் தளர்ந்தது.

"என்னக்கா பண்ணின? ஐஸ் வெச்ச மாதிரி இருக்கு!"

"கொஞ்சம் தண்ணிதாண்டி."

மறுநாளிலிருந்து எல்லாருக்கும் அதே வைத்தியம். டீச்சரம்மா அவள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "அந்தப் பக்கம் ஆம்பளைங்க கசாப்புக் கடையில மாட்டின மாதிரி கத்துறாங்க. நாங்க கொடுத்து வெச்சவங்க." இதை டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. தலையணையைத் தட்டிக் கொடுத்ததை யாராவது போய்ச் சொல்வார்களா?

வாரங்கள் போயின. ஆண்கள் வார்டில் புண்களின் அடியில் சிவப்பாகப் புதுச் சதை தலைகாட்டியது. சுத்தியல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தான்.

"என்னக்கா, என் பக்கம் ரெண்டு பேர் வீட்டுக்குக் கிளம்பற மாதிரி இருக்காங்க. உங்க பக்கம்?"

"வரும்டா. அவசரமா?"

"உங்க பேஷண்டுங்க எல்லாம் சொகுசா இருக்காங்கன்னு கேள்விப்பட்டேன். வீட்டுக்குப் போக மனசு வரலையோ என்னவோ."

அவன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். அவளால் சிரிக்க முடியவில்லை. பெண்கள் பக்கம் ஒரு புண்ணும் அசையவில்லை. தங்கையின் கையில் மூன்றாவது வாய் திறந்திருந்தது.

சர்ஜன் கொடுத்த தவணை முடிய இரண்டே நாள் இருக்கும்போது, ஒரு காலையில் பஞ்சு அக்கா எல்லாருக்கும் கட்டுப் போட்டு முடித்த உடனே டாக்டரம்மா உள்ளே வந்தாள். தூங்காத கண்கள். "அக்கா, இப்பக் கட்டினதை ஒருதரம் பிரிங்க. ஒண்ணு பார்க்கணும்" என்றாள். பையிலிருந்து, புளிப்புப் பட்டால் சிவக்கும் நீல லிட்மஸ் தாளை எடுத்தாள். முதலில் களிம்பு டப்பாவில் தொட்டாள். தாள் பளிச்சென்று சிவந்தது. பிறகு தங்கையின் புண்ணில் தொட்டாள்.

தாள் நீலமாகவே இருந்தது.

டீச்சரம்மாவின் முழங்காலில் தொட்டாள். நீலம். அடுத்தவளுக்கும் நீலம்.

"அந்தப் பக்கம் எல்லாருக்கும் சிவக்குது. இங்க ஒருத்தருக்குக்கூட இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள் டாக்டரம்மா. "துணியும் நனைஞ்சு கிடக்கு. புண் இவ்வளவு நீர் விடுதா? பொம்பளைங்க உடம்புல ஏதோ இருக்கு அக்கா. புண்ணுல ஊறற நீரே புளிப்பைக் கொன்னுடுது."

பஞ்சு அக்காவின் கையில் இருந்த இடுக்கி தட்டில் விழுந்தது.

"புளிப்பு செத்துட்டா என்னம்மா? மருந்து இருக்குமில்ல?"

"மருந்தே அந்தப் புளிப்புதான். அது போயிட்டா நாம வெறும் வெண்ணெயைத் தடவறோம்."

"எரிச்சல் இல்லாம இருக்கறது நல்லதுன்னு..."

"எரியுதுன்னா புளிப்பு அங்க இருக்குன்னு அர்த்தம். இவங்க யாருக்கும் எரியலைன்னு சொன்னாங்க. அப்பவே நான் யோசிச்சிருக்கணும்." டாக்டரம்மா தாள்களைக் கசக்கிக் குப்பையில் போட்டாள். "பெண்களுக்கு இந்த மருந்து ஒத்துவரலைன்னு ஆராய்ச்சிக் கமிட்டியில சொல்லி, இந்தப் பக்கத்தை நிறுத்தப் போறேன். தங்கச்சி விஷயத்துல... என்னை மன்னிச்சிடுங்கக்கா. சர்ஜன் சொல்றதுதான் சரி."

அவள் போய்விட்டாள். பஞ்சு அக்கா ஜன்னலைப் பார்த்தபடி நின்றாள். பாட்டில் சலனமில்லாமல் அங்கேயே இருந்தது. அந்த நுரை! பொங்கியது அழுக்கல்ல. தங்கையின் கைக்கு வந்த மருந்து, அவள் கண் முன்னால், அவள் வைத்த துணிக்கடியில், தினம் தினம் செத்துக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் தங்கை மிஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள், இடது கையால்.

"எதுக்குடி இப்ப எண்ணெய்?"

"துருப் பிடிச்சா யாரும் வாங்க மாட்டாங்க. ஆபரேஷனுக்கு முன்னாடியே வித்துடலாம்னு பார்க்கறேன். அப்புறம் இதைப் பார்த்துப் பார்த்து அழ வேண்டாம் பாரு."

சொல்லிவிடலாம் என்று அக்கா வாயைத் திறந்தாள். மெதுவாகச் சொன்னால் தங்கைக்குக் கேட்காது. கத்திச் சொல்லத் தைரியம் இல்லை.

ஒரு கோழைத்தனமான யோசனை வந்தது. நாளைக்குச் சோடாத் தண்ணீர் வைக்காமல் விட்டுவிட்டால்? யாருக்கும் தெரியாமல், சத்தமில்லாமல் எல்லாம் சரியாகிவிட்டால்?

மறுநாள் காலையில் அப்படித்தான் செய்து பார்த்தாள். டீச்சரம்மா துடித்துப்போனாள். "எங்கேம்மா அந்தத் தண்ணி? வைங்கம்மா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!" இவள் உதட்டைக் கடித்துக்கொண்டு காய்ந்த துணியை வைத்துக் கட்டினாள். அடுத்தவளுக்கும் கட்டினாள். தங்கையின் முறை வந்தது. களிம்பு பட்டதும் அதே கூச்சல். "அக்கா! தண்ணி! தண்ணி வைக்கா! என்னைக் கொல்றியா?" அக்காவின் கை தன்னிஷ்டத்துக்கு ஜன்னலோரம் போனது. பாட்டிலைத் திறந்துவிட்டது. நனைந்த துணியை எடுத்தும்விட்டது. புண்ணுக்கு ஒரு விரற்கடை மேலே அந்தக் கை அப்படியே நின்றது.

அந்த நேரம் பார்த்து, சர்ஜனும் டாக்டரம்மாவும் உள்ளே வந்தார்கள். சர்ஜன் கையில் ஒரு பேனா. வெட்ட வேண்டிய எல்லையைத் தோலின்மேல் வரைய வந்திருந்தார்.

"கையை நீட்டும்மா. நாளைக்குக் காலையில முதல் கேஸ் நீதான்." அவர் புண்ணைச் சுற்றி நீலமாக ஒரு கோடு இழுத்தார். தோளிலிருந்து முழங்கைக்கு முக்கால் தூரம் போனது அந்தக் கோடு. இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று அக்காவும் தங்கையும் நினைக்கவில்லை. தங்கை அந்தக் கோட்டையே பார்த்தாள். எரிச்சலைக்கூட மறந்துவிட்டாள்.

"நிறுத்துங்க சார்" என்றாள் பஞ்சு அக்கா. குரல் மெதுவாகத்தான் வந்தது. "மருந்து கெட்டதில்ல. பொம்பளைங்க உடம்பும் கெட்டதில்ல. நான்தான்... எரியுதேன்னு, சோடாத் தண்ணி வெச்சேன். எல்லாருக்கும். தினமும்."

டாக்டரம்மாவுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு அவள் பார்வை அக்காவின் கையிலிருந்த நனைந்த துணிக்குப் போனது. அங்கிருந்து பாட்டிலுக்கு. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்னக்கா சொல்ற?" என்றாள் தங்கை. "எனக்குக் கேக்கல. என்ன சொல்ற நீ?"

அக்கா அவளைப் பார்த்தாள். யாரும் உதவிக்கு வரவில்லை.

"என்னன்னு சொல்லு. எல்லாரும் ஏன் இப்படி நிக்கறீங்க?"

வாழ்நாளில் அந்த அறையில் குரலை உயர்த்தாதவள் கத்தினாள். வார்டு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

"மருந்தை நான்தாண்டி கெடுத்தேன்! நீ அழறதைப் பார்க்க முடியாம, மேல சோடாத் தண்ணியை வெச்சு, நான் கெடுத்துட்டேன்! உன் கை ஆறாததுக்கு நான்தான் காரணம்!"

வெளியே படுக்கைகளில் இருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள்.

தங்கை வழக்கத்துக்கு மாறாக மிகவும் மெதுவாகச் சொன்னாள். "காதை மருந்து எடுத்துச்சு. சரின்னு விட்டேன். கையை நீ எடுத்துட்டியா?"

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். டீச்சரம்மா நொண்டிக்கொண்டு கதவுக்கு வந்தாள். "நாங்கதானே தண்ணி தண்ணின்னு கேட்டோம்..." என்று ஆரம்பித்தாள். யாரும் காது கொடுக்கவில்லை.

"ஊர் உலகத்துக்கெல்லாம் போய், பொம்பளைங்களுக்கு இந்த மருந்து ஆகாதுன்னு சொல்ல இருந்தேன்" என்றாள் டாக்டரம்மா. "நான் சொன்னதை நம்பி, இனிமே வர்ற எந்தப் பொம்பளைக்கும் இதைக் கொடுக்காமலே விட்டிருப்பாங்க. புரியுதா உங்களுக்கு? நீங்க ஒருத்தருக்கும் வலிக்கக் கூடாதுன்னு நினைச்சீங்க. எத்தனை பேரோட..." மேலே சொல்லாமல் எழுந்து வெளியே போய்விட்டாள்.

சர்ஜன் பேனாவை மூடினார். கடுமையான மனிதர் என்று பெயர் வாங்கியவர். "நாளைக்கு வேண்டாம்" என்றார். "ஒரு மாசம் பார்க்கலாம். எலும்புக்கு இறங்கற அடையாளம் தெரிஞ்சா, அன்னிக்கே வெட்டுவேன்."

பெண்கள் பக்கத்தில் அதுவரை கிடைத்த முடிவுகள் எல்லாம் குப்பைக்குப் போயின. டாக்டரம்மா கமிட்டியின் முன்னால் நின்று நடந்ததைச் சொல்லி, திட்டு வாங்கி, அவர்கள் அனுமதியோடு, விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஒருத்தி வேண்டாம் என்று தன் பேரை நீக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். டீச்சரம்மா இருந்தாள். தங்கையும் இருந்தாள். இரண்டு வார்டுக்கும் இனிச் சுத்தியலே கட்டுவான் என்று ஏற்பாடு. பஞ்சு அக்காவை, கத்தி கத்தரிகளை வேகவைத்துக் கிருமி நீக்கும் அறைக்கு மாற்றினார்கள். அந்த அறை நடைபாதையின் அடுத்த பக்கம்தான். தினமும் காலையில், ஆவி பறக்கும் தட்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு, தங்கையின் கூச்சலை அவள் கேட்டாள். ஓட வேண்டும் போல் இருக்கும். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கத்து, கத்து என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வாள். ஒருநாள் சத்தம் சற்றுக் குறைந்திருந்தபோது, அது நல்லதா கெட்டதா என்று தெரியாமல் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது.

வீட்டில் தங்கை அவளோடு பேசவில்லை. தட்டை நகர்த்துவது, கதவைச் சாத்துவது எல்லாவற்றிலும் கோபம் இருந்தது. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அக்காவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "சாப்பிடறியா?" என்று உரக்கக் கேட்பாள். கேட்காதது போல் இருந்துவிடுவாள் தங்கை. நிஜமாகவே கேட்கவில்லையா என்று தெரிந்துகொள்ள வழியில்லை. அதுதான் பெரிய தண்டனை.

புண்ணைப் பற்றிச் சுத்தியல்தான் போகிறபோக்கில் சொல்வான். "புதுசா வாய் எதுவும் திறக்கலக்கா." இன்னொரு நாள், "ரெண்டு வாய் மூடுது. பெரிசுதான் அடம் பிடிக்குது. அக்கா மாதிரியே பிடிவாதம்." சர்ஜன் பார்த்தார். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "அடுத்த வாரமும் பார்க்கலாம்" என்றார். அந்த ஒரு வாரமே அக்காவுக்கு வரமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய மழை. தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். பஸ் ஓடவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. சுத்தியல் போன் செய்து, தானும் வீட்டிலேயே மாட்டிக்கொண்டதாகச் சொன்னான். "ஒரு நாள் விட்டா விட்டதுதான். இப்பதான் மருந்து பிடிச்சிருக்கு. வீட்டுல களிம்பு கொடுத்து வெச்சிருக்கேன். நீங்க போடுங்கக்கா, வேற யார் போடுவா?"

போனை வைத்துவிட்டு அவள் திரும்பியபோது, தங்கை பின்னால் நின்றுகொண்டிருந்தாள். கையில் களிம்பு டப்பா. அதை மேஜைமேல் வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ரவிக்கைக் கையைச் சுருட்டிவிட்டாள்.

"போடு" என்றாள். இத்தனை நாளில் முதல் வார்த்தை. "தண்ணிகிண்ணின்னு ஏதாவது கிட்ட கொண்டுவந்த, கொன்னுடுவேன். நான் என்ன கத்தினாலும், என்ன திட்டினாலும், நிறுத்தக் கூடாது. கேட்டுச்சா?"

அக்கா தலையாட்டினாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். பழைய கட்டை ஊறவைத்துப் பிரித்தாள். சர்ஜன் போட்ட கோடு எப்போதோ அழிந்துபோயிருந்தது. சின்ன வாய்கள் இரண்டும் சுருங்கிக் கோடாகியிருந்தன. பெரிய புண் இன்னும் ஆழமாகத்தான் இருந்தது; ஓரத்தில் மட்டும் நகக்கண் அகலத்துக்கு இளஞ்சிவப்பு. அது போதுமா, போதாதா? அவளுக்குத் தெரியவில்லை. களிம்பை எடுத்தாள்.

தங்கை அலறினாள். "பாவி! ராட்சசி! உன் கை விளங்குமா! எடு கையை!"

அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்னும் உள்ளே, ஆழம் வரைக்கும் தடவினாள்.

கீழ் வீட்டுக்காரர் பயந்துபோய் மாடிப்படி ஏறி வந்து கதவைத் தட்டினார். "என்னம்மா ஆச்சு? யார் யாரை அடிக்கறது? கதவைத் திறங்க!"

தட்டுகிற சத்தம் தங்கைக்குக் கேட்கவில்லை. அக்கா கதவைக் கண்ணால் காட்டினாள். தங்கை, அழுதுகொண்டே, மூச்சு வாங்கிக்கொண்டே, கதவுப் பக்கம் திரும்பிக் கத்தினாள்.

"யாரும் அடிக்கல! எங்கக்கா மருந்து போடறா! நீங்க கீழ போங்க!"

படிகளில் காலடிச் சத்தம் தயங்கித் தயங்கி இறங்கியது. வெளியே மழை விடவில்லை. "இன்னும் முடியலையா?" என்றாள் தங்கை, கண்ணை இறுக மூடிக்கொண்டு.

"இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்குடி" என்று அவள் காதருகே குனிந்து உரக்கச் சொல்லிவிட்டு, அக்கா மறுபடியும் டப்பாவில் கை வைத்தாள்.